கிளவுஸ் கழட்டுற ஆள்

கல்முனையில் நான் நடத்திவந்த கொரியன் வகுப்பை இந்த வருடத்தோடு மூடிவிட்டேன். கண்ணும் மங்கிவிட்டது, தொண்டையும் சரியில்லை. பிள்ளைகள் பிரியாவிடை வைத்தார்கள். வட்டிலப்பம் வந்தது, பூமாலை வந்தது, என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்ல சங்கதிகள் எல்லாம் வந்தன. கடைசியில் சம்மாந்துறையிலிருந்து வருகிற ஒருத்தன் எழும்பினான். கொரியாவுக்கு வேலைக்குப் போகிற சோதனையை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்டவன். ஆனால் வாய்க்குக் குறைவில்லை.

"சேர், இப்ப போன்ல தமிழ்ல கதைச்சா அது கொரியன்ல திருப்பிச் சொல்லுது. நீங்க கொரியாவில அவ்வளவு காலம் இருந்து பெரிசா என்னத்தக் கழட்டினீங்க?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "கிளவுஸ்."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். பகிடி இல்லை. அதுதான் என் தொழில். அவர்களுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முன் கொழும்பில் ஒரு வகுப்பில் கொரியன் படித்தேன். எங்களுக்குப் படிப்பித்த மெடம் தொழில்கள் என்று ஒரு பாடம் எடுத்தா. நான் வைத்தியர், நான் ஆசிரியர், நான் பொலிஸ், நான் பாடகர். அந்த வகுப்பிலிருந்த ஒருத்தனும் அங்கே போய் பாடகராகப் போவதில்லை என்று அவவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைசியாக ஒரு வசனம் தந்தா: "சொனுன் ஹ்வேசாவொன் இம்னிதா." நான் கம்பனி உத்தியோகத்தர் என்று அர்த்தம். "ஆர் கேட்டாலும் இதச் சொல்லுங்க, மானம் போகாது" என்றா. அந்த ஒற்றை வசனத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதுபோல் நான் விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய இடம் ஒரு றப்பர் கிளவுஸ் பெக்டரி. கொரியாக்காரப் பெண்கள் கோவா இலைக்கு மிளகாய் பூசி ஊறப்போடும்போது மாட்டுகிற, முழங்கை வரைக்கும் வருகிற சிவப்புக் கிளவுஸ். அது எப்படி உண்டாகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நீங்களும் யோசித்திருக்கமாட்டீர்கள்.

ஒரு நீளச் சங்கிலி பெக்டரியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் பீங்கானால் செய்த கைகள் தொங்கும். விரல் கீழே பார்த்தபடி, வரிசையாக, நூற்றுக்கணக்கில். முதல்நாள் அதைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தக் கைகள் முதலில் கழுவப்படும். பிறகு உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தில் முங்கும். அந்த மருந்து காய்ந்ததும் றப்பர் பாலுக்குள் முங்கி எழும்பும். எழும்பும்போது கை தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் பால் வழிந்து விரல் நுனியில் மொத்தமாகிவிடும். பிறகு ஒரு தூரிகை வந்து மேல் விளிம்பை உருட்டி மடிக்கும். அதற்குப் பிறகு நீண்ட சூட்டடுப்பு. அடுப்பைத் தாண்டி வெளியே வந்து, ஆவி பறக்கப் பறக்க என் முன்னால் வரும். சங்கிலி நிற்காது. அது ஓட ஓட நான் கழட்ட வேண்டும்.

கழட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உருட்டிய விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் காற்றுப் போக விட்டு, ஒரே இழுவை. கிளவுஸ் உள்புறம் வெளியே வந்து கழலும். பெருவிரலில் தொடங்கி இழுத்தால் கிழியும். அதை எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் லைனுக்குப் பொறுப்பாக இருந்த பொம்புள. அப்படிப் பொறுப்பானவரை அங்கே பன்ஜாங் என்பார்கள். "முதல்ல சின்ன விரலைக் கேளு. அது வந்தா மத்ததெல்லாம் வரும்" என்று தன் விரலைக் காட்டிக்காட்டிச் சொன்னா.

பன்ஜாங் கட்டை ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு துவாய். சத்தம் போடமாட்டா. நாங்கள் பிழை செய்தால் வந்து பக்கத்தில் நிற்பா, ஒன்றும் பேசாமல், நாங்களே பிழையைக் கண்டுபிடிக்கும்வரை. வேலையை நன்றாகச் செய்தாலும் அதே மாதிரி வந்து, அதே மாதிரி ஒன்றும் பேசாமல் நிற்பா. எது எதற்கு என்று தெரியாமல் நாங்கள் வியர்ப்போம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் என் தட்டை எட்டிப் பார்த்து, "இதுல பண்டி இறைச்சி இருக்கு, வேணாம்" என்று எடுத்துவிட்டு, தன் தட்டிலிருந்த முட்டையை அதில் போடுவா. அதற்கும் முகத்தில் ஒரு மாற்றம் இருக்காது.

ஊரில் உம்மா போனில் கேட்டா: "என்ன வேலை மனே?"

கொரியனில் கம்பனி உத்தியோகத்தர் என்று சொல்லலாம். உம்மாவிடம் அந்த வேலை நடக்காது. "கையோட வேலை உம்மா. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கை என்ட கையால போகுது" என்றேன். இது அடுத்த வீட்டு வளவுக்குப் போய், அங்கிருந்து மருதமுனைக்குப் போய்ச் சேரும்போது நான் கை எலும்பு முறிவு டொக்டரிடம் வேலை பார்க்கிறேன் என்றாகிவிட்டது. நான் லீவில் வந்து நின்றபோது ஒரு பெரியவர் மணிக்கட்டைப் பிடித்தபடி வீட்டுக்கே வந்துவிட்டார். "சும்மா ஒருக்காப் பாருங்க தம்பி" என்றார். பார்த்தேன். சின்ன விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். "நல்லா இருக்கு" என்றேன். துஆ செய்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் எனக்கு வந்த கலியாணப் பேச்சுகளில் ஒன்று ஒரு பார்மசிக்காரர் வீட்டிலிருந்து வந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி கொரியாவில் பஸ் தரிப்பிடத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். அதை இதுவரை என் வகுப்பில் சொன்னதில்லை, ஏனென்றால் பெண்பிள்ளைகளும் படித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக நின்றேன். வாங்குப் பலகையில் நாலைந்து வயதான பொம்புளையள் கூடைகளோடு இருந்தார்கள். வெளிநாட்டுக்காரனைக் கண்டால் அவர்களுக்கு வாய் சும்மா இராது. ஒருத்தி கேட்டா:

"தம்பி, என்ன வேலை செய்ற?"

கம்பனி உத்தியோகத்தர் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது. அப்போதுதான் கழட்டுவதற்கான சொல்லைப் புதிதாகப் படித்திருந்தேன். பாவித்துப் பார்க்க ஆசை.

"கழட்டுறன்" என்றேன்.

நம்முடைய ஊரில் கழட்டுகிறேன் என்றால், எதை என்று கேட்பார்கள். அந்த ஊரில் கேட்கமாட்டார்கள். எதை என்று சொல்லாமல் விட்டால் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: உடுப்பைக் கழட்டுவது. அதுவும் அடுத்தவருடைய உடுப்பை.

வாங்கிலிருந்தவர்கள் கூடைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி மெல்லக் கேட்டா: "நாள் முழுக்கவா?"

"ஓம். காலையில இருந்து பின்னேரம் வரைக்கும். சூடா இருக்கும். கெதியாக் கழட்டோணும், இல்லாட்டி ஒட்டிக்கொள்ளும்."

"கஷ்டமான வேலையா?"

"பழகினா லேசு. சில நேரம் கிழியும்."

ஒருத்தி தன் சட்டைக் கழுத்தைப் பொத்திப் பிடித்தா. இன்னொருத்தி சிரிப்பில் வாங்கிலிருந்து வழுக்கி, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் போய் இருந்தா. பஸ் வந்தது, ஒருவரும் ஏறவில்லை. நான் மட்டும் ஏறி, என் கொரியன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்ற சந்தோசத்தோடு சந்தைக்குப் போனேன்.

வெங்காயக் கூடைக்காரி பன்ஜாங்கின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அடுத்த நாள் காலையில் பன்ஜாங் வந்து என் பக்கத்தில் நின்றா. வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. நான் பிழையைத் தேடினேன். சங்கிலி இன்னும் ஓடத் தொடங்கவில்லை, என்ன பிழையைக் கண்டுபிடிப்பது? கடைசியில் அவவே வாயைத் திறந்தா.

"நீ என்ன செய்ற ஆள்?"

சொன்னேன். அவவின் மூக்கு மட்டும் கொஞ்சம் ஆடியது. பிறகு முழு வசனத்தையும் தானே சொல்லித் தந்து, என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தா. "நான் மூன்றாம் லைனில் அடுப்பிலிருந்து வரும் கையில் கிளவுஸ் கழட்டுற ஆள்." அன்றிலிருந்து அது லைனுக்கே சட்டமாகிவிட்டது. காலையில் சங்கிலியை ஓடவிடுமுன் ஒவ்வொருத்தரும் தன் இடத்தில் நின்று, தான் யார், எங்கே நிற்கிறான், எதிலே கை வைக்கிறான் என்று முழுதாகச் சொல்லவேண்டும். மருந்துத் தொட்டி கலக்குகிற வியட்நாம்காரனும் சொல்லவேண்டும். ஒரு சொல் குறைந்தால் பன்ஜாங் ஸ்விட்சைப் போடமாட்டா. "பாதிச் சொல்லோட போய் என்ட ஊரை இன்னொருக்காச் சிரிக்கவைக்க வேணாம்" என்றா.

பிறகு யோகராசா வந்தான், எங்களுக்கு யோகு. சவளக்கடையில் வயல் செய்கிற குடும்பத்துப் பெடியன். என் பேச்சில் நம்முடைய ஊரைக் கண்டுபிடித்து, "காக்கா, நீங்க கல்முனையா?" என்று சொந்த அண்ணனைக் கண்டதுபோல் ஓடிவந்தவன். கொரியன் அவனுக்கு ஏறவே இல்லை. பசிக்குது, குளிருது, பன்ஜாங் சொல்லித் தந்த அந்தக் காலை வசனம். இவ்வளவுதான் அவனிடம் இருந்த கொரியன். என் எதிர்ப்பக்கத்தில் நின்று அவனும் கழட்டினான்.

ஒரு பனிக்காலத்தில் அது நடந்தது. அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கை நீளம். சங்கிலி வளைந்து திரும்புகிற சக்கரத்தின் பல்லில் அது சிக்கி, கையையும் உள்ளே இழுத்தது. அவன் கத்துவதற்குள் பன்ஜாங் சிவப்புப் பொத்தானை அடித்து லைனை நிறுத்திவிட்டா. அப்படியும் இடது கையில் மோதிர விரலிலும் சின்ன விரலிலும் நுனி போய்விட்டது. தன் கழுத்துத் துவாயால் அவன் கையைச் சுற்றிக் கட்டினதும் அவதான்.

ஆஸ்பத்திரியில் தைத்து முடித்த டொக்டருக்குச் சந்தேகம். எங்கள் பெக்டரி மனேஜர் அவரிடம் யோகு பெக்டரியில் காயப்படவில்லை, தங்குமிடத்தில் விழுந்தான் என்று சொல்லியிருக்கிறார். காயத்திலோ சிவப்பு றப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது. டொக்டர், வேலை விபத்துகளைப் பார்க்கிற அரச கந்தோருக்குச் சொல்லிவிட்டார். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மெடம் விசாரிக்க வருகிறா என்று செய்தி வந்தது.

மனேஜர் கெட்ட மனுசன் இல்லை. மெலிந்த ஆள். பயம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். அன்று கம்பனி வானில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துடைத்துக்கொண்டே வந்தார். விபத்து என்று எழுதப்பட்டால் முதலாளி தன்னைத்தான் பிடிப்பார் என்பது அவர் பயம். பெக்டரி விபத்து இல்லை என்று எழுதப்பட்டால் யோகுவுக்கு நட்டஈடும் இல்லை, வைத்தியமும் இல்லை. கை ஆறுமுன் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கோ அடுத்த மாதம் விசா நீட்ட வேண்டும், அதில் கையெழுத்து வைப்பது இதே கம்பனி. ஊரில் தங்கச்சிக்குக் கட்டுகிற வீடு கூரை ஏறாமல் நின்றது.

"நீதான் அவனுக்காகக் கதைக்கோணும்" என்றார் மனேஜர். "நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு சொல்லும் மாறக்கூடாது. தங்குமிடத்துக் குளியலறையில வழுக்கி விழுந்தான் எண்டு சொல்லு."

திருப்பிச் சொல்லவைத்தார். நான் சொன்னேன். திருப்தி.

கொரியனும் நம்முடைய தமிழ் மாதிரித்தான். சொல்ல வேண்டிய சங்கதி முன்னால் வரும், 'எண்டு சொல்லு' பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி வாசலில் வான் நின்றபோது இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

விசாரிக்க வந்த மெடம் இளம் பொம்புள. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. முதலில் யோகுவிடம் கேட்டா: "நீங்க என்ன வேலை செய்றீங்க?"

மருந்து மயக்கத்தில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த கேள்வி. ஒவ்வொரு நாளும் காலையில் கேட்கிற கேள்வி. படுத்தபடியே, ஒரு சொல் குறையாமல் சொன்னான்: "நான் மூன்றாம் லைனில் அடுப்பிலிருந்து வரும் கையில் கிளவுஸ் கழட்டுற ஆள்."

"எங்க காயம் பட்டது?"

இது அவனுக்குத் தெரியாத கேள்வி. என்னைப் பார்த்தான். மனேஜரும் என்னைப் பார்த்தார், பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் எழும்பி, கையைக் கட்டி, சத்தமாகச் சொன்னேன்: "தங்குமிடத்துக் குளியலறையில வழுக்கி விழுந்தான் எண்டு சொல்லு."

மெடத்தின் பேனை நின்றது.

"'எண்டு சொல்லு'-வா?"

"ஓம் மெடம். எண்டு சொல்லு."

மனேஜர் இருமினார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "சொல்லு வேணாம், சொல்லு வேணாம்" என்று குசுகுசுத்தார்.

"சொல்லு வேணாம்" என்று மெடத்திடம் சொன்னேன்.

"ஐயோ, அதையும் சொல்லாத!"

"அதையும் சொல்லாத" என்றேன்.

மெடம் வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினா. தோள் குலுங்கியது. மனேஜருக்கு வியர்த்தது. "இவனுக்குக் கொரியன் சரியில்ல மெடம், இவனுக்கு ஒண்டும் விளங்கிறல்ல" என்றார். நான் ஒன்றும் விளங்காத முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு இயற்கையாகவே அமைந்த முகம்.

"நீங்க வெளிய போய் ஒரு கோப்பி குடிங்க" என்று மனேஜரிடம் சொன்னா மெடம். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் மெடம் எனக்கு விளங்கும்படி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாகக் கேட்டா: "அவர் காயப்பட்ட நேரம் மெசினுக்குப் பக்கத்தில ஆர் நிண்டது?"

பன்ஜாங் என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். யா அல்லாஹ், நான் தப்பிக்கொள்ள இந்த மனுசியை மாட்டிவிடுகிறேனே என்று. அவவுக்கும் சம்பளம் கொடுப்பது அதே முதலாளிதான்.

பின்னேரம் பன்ஜாங் வந்தா. வேலை உடுப்போடு, பஸ்ஸில் வந்தா. கழுத்தில் துவாய் இல்லை. மனேஜர் வழியில் மறித்து ஏதோ சொன்னதையும், அவ அவர் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசாமல் இருந்ததையும் நான் கண்ணாடிக் கதவால் பார்த்தேன். மனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு விலகி வழி விட்டார்.

மெடம் அவவிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டா. என்ன வேலை செய்றீங்க?

"நான் மூன்றாம் லைனை ஓடவிடுற ஆள்" என்றா பன்ஜாங். "நிப்பாட்டுற ஆளும் நான்தான். முந்தாநாள் நிப்பாட்டினன். கொஞ்சம் பிந்திப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிவிட்டு யோகுவின் கட்டுப்போட்ட கையை எடுத்து, திருப்பிப் பார்த்து, பழையபடி மெத்தையில் வைத்தா. அன்று அவவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

விபத்து விபத்தாகவே எழுதப்பட்டது. யோகுவுக்கு வைத்தியமும் கிடைத்தது, சேரவேண்டியதும் சேர்ந்தது. சங்கிலி திரும்புகிற இடத்துக்கு இரும்பு மூடி போட்டார்கள். முதலாளி குதித்தார், பிறகு ஓய்ந்தார். பன்ஜாங்கை அசைக்க முடியவில்லை. அவ இல்லாமல் மூன்றாம் லைன் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். யோகு ஓட்டை பார்க்கிற மேசைக்கு மாறினான். கிளவுஸுக்குள் காற்று ஊதி, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, எங்காவது காற்று ஒழுகுதா என்று பார்க்கிற வேலை. பிறகு ஊருக்குப் போய், இன்றைக்கும் சவளக்கடையில் வயல் செய்கிறான். போன வெள்ளாண்மைக்கு அரிசி கொண்டுவந்து தந்தான்.

தண்டனை எனக்குத்தான். 'இவனுக்குக் கொரியன் சரியில்லை' என்று மனேஜர் அரச அதிகாரிக்கு முன்னால் சொல்லிவிட்டார். முதலாளிக்கும் அதையே சொல்லி, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்பவைத்து, என் விசாவைக் காப்பாற்றினார். ஆகையால் அந்தப் பெக்டரியில் இருந்த மீதிக் காலம் முழுவதும் மனேஜருக்கு முன்னால் நான் கொரியன் தெரியாதவனாகவே இருக்க வேண்டியதாயிற்று. பன்ஜாங்கோடு பழங்கதை பேசுவேன், சந்தையில் விலை பேசிச் சண்டை பிடிப்பேன். மனேஜரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால், "நான்... தண்ணி... வேணும்" என்று திக்குவேன். அவர் இரக்கப்பட்டு, தன் மகன் படித்து முடித்த பாலர் வகுப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்து தந்தார். வாத்தின் படம், பக்கத்தில் வாத்து என்று எழுதியிருக்கும். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கைதட்டினார்.

கடைசியில் நான் ஊருக்குத் திரும்புகிற நாள் வந்தது. விமான நிலையத்துக்கு மனேஜரே கம்பனி வானில் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கித் தந்தார். இனி என்ன பயம் என்று எனக்குப் பட்டது. நிமிர்ந்து நின்று, நல்ல மரியாதைக் கொரியனில், ஒரு இடறல் இல்லாமல் சொன்னேன்: "மனேஜர் அவர்களே, இத்தனை காலம் என்னைப் பார்த்துக்கொண்டதற்கு மனமார்ந்த நன்றி. உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நான் உங்களுக்குக் கொடுத்த கஷ்டத்தை மன்னித்துவிடுங்கள்."

அவர் திடுக்கிடுவார் என்று காத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியைத் தொடவே இல்லை.

"உனக்குக் கொரியன் வரும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "சாப்பாட்டு அறையில டீவியில பகிடி போகக்குள்ள, எங்கள் எல்லாருக்கும் முந்திச் சிரிக்கிறவன் நீதான்."

எனக்கு முகம் சுட்டது. அவர் வானில் ஏறி, கதவைச் சாத்தி, யன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"அண்டைக்கு அந்த மெடம் என்னை வெளிய போய்க் கோப்பி குடிக்கச் சொன்னாவே," என்றார், "அப்ப எனக்கு வந்த நிம்மதி உனக்குத் தெரியாது. நான் அந்தக் கோப்பியை ஆறுதலா, ஆறுதலா, முழுசாக் குடிச்சன்."

வான் போய்விட்டது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். கொரியனில் எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை. இந்த முறை உண்மையாகவே வரவில்லை.